அறிக்கை யார் பெயரில் கேட்கிறது?

கணக்குத் துறையினரும் கணினித் துறையினரும் ஒருசேர அமர்ந்திருக்கும் அவை இது. இரண்டு துறைக்கும் நடுவில் கிடப்பதாலேயே, இது மற்றவர் பொறுப்பு என்று இருவருமே விட்டுவிடுகிற ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கிளை மேலாளர் காலையில் விற்பனை டாஷ்போர்டைத் திறக்கிறார். நேற்றைய விற்பனை, வசூலாகாத நிலுவை, கிடங்கில் உள்ள சரக்கு எல்லாம் திரையில் வருகின்றன. டாஷ்போர்டுக்குள் அவர் தம் பெயரில்தான் நுழைந்தார். அந்த டாஷ்போர்டு எண்களை எடுத்துவரத் தரவுத்தளத்துக்குள் யார் பெயரில் நுழைந்தது? பல நிறுவனங்களில் இதற்கு விடை, முன்பு எப்போதோ யாரோ உருவாக்கிய ஒரு பொது லாகின் என்பதுதான். கிளை மேலாளர் கேட்டாலும், நிதி இயக்குநர் கேட்டாலும், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர் கேட்டாலும் தரவுத்தளத்துக்குத் தெரிவது அந்த ஒரே பெயர். இந்த ஏற்பாடு தவறு என்பது என் வாதம். அறிக்கையைப் படிக்க ஒரு மனிதர் இருக்கும்போது அவர் பெயரிலேயே தரவு கேட்கப்பட வேண்டும். மனிதர் இல்லாமல் தானாக ஓடும் அறிக்கைக்கு, அதன் தேவை அளவுக்கு மட்டும் உரிமை கொண்ட தனி லாகின் வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

இந்தப் பொது லாகின் எப்படி வந்தது என்று பார்த்தால், யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்ததல்ல என்பது விளங்கும். மைக்ரோசாஃப்ட் 2004-இல் வெளியிட்ட ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அறிக்கையைத் தரவுத்தளத்தோடு இணைக்க அது நான்கு வழிகளைத் தந்தது. அறிக்கையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பயனரிடமே பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது ஒன்று. பயனரின் விண்டோஸ் அடையாளத்தையே அப்படியே தரவுத்தளத்துக்குக் கொண்டுபோவது இரண்டு. ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரில் சேமித்துவைத்து எல்லாருக்கும் அதையே பயன்படுத்துவது மூன்று. எதுவுமே இல்லாமல் இணைவது நான்கு. முதல் வழி பயனரை எரிச்சலூட்டும். இரண்டாவது வழியை அமைப்பது கடினம். ஏன் கடினம் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான்காவது பெரும்பாலும் பயன்படாது. மிஞ்சுவது மூன்றாவது. அதோடு, இரவு இரண்டு மணிக்கு அறிக்கை தானாக ஓடி மின்னஞ்சலில் போகவேண்டும் என்றால் அப்போது கடவுச்சொல் தட்ட ஆள் கிடையாது. சேமித்த லாகின் இருந்தே ஆகவேண்டும். ஆக, தானாக ஓடும் ஓர் அறிக்கைக்காகச் சேமித்த லாகின், வசதி கருதி மற்ற அறிக்கைகளுக்கும் பரவுகிறது. ஒவ்வொரு புது அறிக்கைக்கும் ஒரு புது அட்டவணை தேவைப்பட, அந்த லாகினுக்கு உரிமை கூடிக்கொண்டே போகிறது. எந்த அறிக்கை நின்றுபோகுமோ என்ற அச்சத்தில், கொடுத்த உரிமையை யாரும் திரும்ப எடுப்பதில்லை. சில ஆண்டுகளில் நிறுவனத்தின் மிக அதிக அதிகாரம் படைத்த பயனர், சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத அந்த லாகின்தான்.

இதில் உள்ள ஆபத்தைக் கணினி அறிவியல் நெடுங்காலமாக அறியும். நார்ம் ஹார்டி என்பவர் 1988-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். டைம்ஷேர் என்ற நிறுவனத்தில் நடந்ததை அதில் விவரித்தார். அங்கே பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்று இருந்தது. தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை எழுதிவைக்க, ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கான பில் கணக்குக் கோப்பும் அதே கோப்புறையில் இருந்தது. ஒரு பயனர் தம் நிரலின் பிழைத்திருத்த விவரங்களை எந்தக் கோப்பில் எழுதவேண்டும் என்று சொல்லும் இடத்தில் அந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அதில் எழுத உரிமை கிடையாது; கம்பைலருக்கு உண்டு. கம்பைலர் எழுதியது, பில் கணக்கு அழிந்தது. குழம்பிய பிரதிநிதி என்று ஹார்டி இதற்குப் பெயரிட்டார். கம்பைலர் கெட்டதல்ல, பழுதானதும் அல்ல. இரண்டு பேருடைய அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அது, இந்தக் காரியத்தை யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தது. அவ்வளவுதான். பொது லாகினில் ஓடும் அறிக்கைக் கருவியின் நிலையும் இதுவே. கேட்பவர் பயிற்சியாளர், கதவைத் திறப்பது கருவியின் அதிகாரம். இடையில் உள்ள கருவி சரியாக வடிகட்டினால் தப்பித்தோம். ஓரிடத்தில் தவறினாலும் தடுக்க அடுத்த அரண் இல்லை. தேவைக்கு மேல் ஒரு துளி அதிகாரமும் தரக்கூடாது என்ற விதியை சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கால விதியை அறிக்கைக் கருவியின் வாசலில் மட்டும் நாம் தளர்த்திவிட்டோம்.

இனி அண்மைச் சான்று ஒன்று. ஸ்னோஃப்ளேக் என்பது நிறுவனங்கள் தங்கள் தரவைக் குவித்துவைத்து அதன்மீது அறிக்கைகளை ஓட்டும் மேகக் கிடங்கு. 2024-இல் அதன் வாடிக்கையாளர்கள் பலருடைய தரவு திருடப்பட்டது. பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் சுமார் 165 என்று ஆய்வு செய்த மாண்டியன்ட் நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் கைபேசி வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அனைவரின் 2022-ஆம் ஆண்டு அழைப்புப் பதிவுகள், பல மாதங்களுக்கு உரியவை, இந்த வழியில் போயின. இங்கே ஸ்னோஃப்ளேக்கின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. பயனர்களின் கணினிகளில் புகுந்த உளவு மென்பொருள் திருடிக்கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து முன்வாசல் வழியாகவே போனார்கள். அந்த லாகின்களில் சில 2020-லேயே திருடப்பட்டவை. மாண்டியன்ட் சுட்டிய காரணங்கள் மூன்று: இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை, திருடுபோன கடவுச்சொல் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படவில்லை, எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் நுழைய முடிந்தது. இவை மனிதர்களின் லாகின்களாயிற்றே, அறிக்கைக் கருவியின் குறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கருவியில் சேமித்த பொது லாகினின் இயல்பைப் பாருங்கள். கைபேசிக்கு வரும் குறியீட்டை அதனால் படித்துச் சொல்ல முடியாது. அதன் கடவுச்சொல்லை மாற்ற எல்லாரும் அஞ்சுகிறார்கள். எங்கிருந்து அது நுழையலாம் என்று யாரும் வரம்பு கட்டுவதில்லை. அங்கே கவனக்குறைவால் நேர்ந்த மூன்று குறைகளும் இங்கே அமைப்பின் பகுதியாகவே இருக்கின்றன. பின்னர் ஸ்னோஃப்ளேக் மனிதப் பயனர், சேவைப் பயனர் என்று வகை பிரித்தது. சேவைப் பயனர் கடவுச்சொல் கொண்டு நுழையவே முடியாதபடி செய்தது. இந்தப் பாடம் நமக்கும் உரியது.

சேமித்த இரகசியம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. டொயோட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் வாடிக்கையாளர் தரவு இருந்த சர்வரின் அணுகு சாவி, நிரலின் வரிகளுக்குள் எழுதப்பட்டு, கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கும்படி 2017 டிசம்பர் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கிடந்தது. சுமார் 2,96,000 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அதனால் வெளிப்பட்டிருக்கலாம். இது ஒரு துணை ஒப்பந்ததாரர் செய்த பிழை. ஆனால் அறிக்கை உருவாக்கும் இடங்களில் இதே பழக்கம் இயல்பாக நடக்கிறது. இணைப்பு வரியிலேயே கடவுச்சொல்லை எழுதிய எக்செல் கோப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மின்னஞ்சலில் போகிறது. அறிக்கைக் கோப்பின் நகல் வெளி ஆலோசகரின் மடிக்கணினிக்குப் போகிறது. ஒரு கடவுச்சொல்லைப் பத்து பேர் அறிந்தால் அதைப் பயன்படுத்தியவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு இது: தரவுத்தளத்துக்குள் ஒரே பெயரில் போனால் என்ன, யாருக்கு எந்த வரி தெரியவேண்டும் என்று அறிக்கைக் கருவியே வடிகட்டுகிறதே? பவர் பிஐ போன்ற கருவிகளில் வரி வாரியான பாதுகாப்பு உண்டு. மதுரைக் கிளை மேலாளருக்கு மதுரைக் கணக்கு மட்டும் தெரியும்படி செய்யலாம். உண்மைதான், அது பயனுள்ள வசதி. ஆனால் பவர் பிஐ-யில் அந்த வடிகட்டல், அறிக்கைகளைப் பகிரும் பொது இடமான பணியிடத்தில் (வொர்க்ஸ்பேஸ்) பார்வையாளர் உரிமை மட்டும் உள்ளவரைத்தான் கட்டுப்படுத்தும். அதே பணியிடத்தில் திருத்தும் உரிமை பெற்றவருக்கு எல்லா வரியும் தெரியும். அவசரத்துக்கு ஒருவருக்குத் திருத்தும் உரிமை கொடுத்த அன்றே அந்த வேலி விழுந்துவிடுகிறது. தரவுத்தளத்திலேயே வேலி போட்டாலும், தவறான பெயரில் நுழைந்தால் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2016 முதல் வரி வாரியான பாதுகாப்பு உண்டு. ஆனால் அட்டவணையின் உரிமையாளருக்கும் முழு அதிகாரம் பெற்ற பயனருக்கும் அது இயல்பாகப் பொருந்தாது. அறிக்கைக் கருவி உரிமையாளர் பெயரிலேயே நுழைந்தால், கவனமாக எழுதிய விதிகள் எல்லாம் சத்தமின்றிச் செயலற்றுப் போகும். இன்னொன்று, பதிவேடு. இந்தியாவில் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகை நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் பதிவேட்டிலும் ஒவ்வொரு வரியிலும் ஒரே பொது லாகினின் பெயர் இருந்தால், அதை வைத்து ஆறு மணி நேரத்தில் என்ன கண்டுபிடிக்க முடியும்?

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது; கணினித் துறையினர் சொல்வது. பயனரின் அடையாளத்தைக் கடைசி வரை கொண்டுபோவது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்பார்கள். இதில் உண்மை உண்டு. பயனரின் கணினியிலிருந்து அறிக்கை சர்வருக்கு ஒரு தாவல். அங்கிருந்து தரவுத்தள சர்வருக்கு இரண்டாவது தாவல். பழைய விண்டோஸ் சரிபார்ப்பு முறை முதல் தாவலோடு நின்றுவிடும். இரண்டாவது தாவலில் பயனர் யார் என்பது தொலைந்துபோகும். இதைத் தீர்ப்பது கெர்பரோஸ் முறை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்து, விண்டோஸ் 2000 வழியாக அலுவலகங்களுக்கு வந்தது அது. ஆனால் ஒவ்வொரு சேவையின் பெயரும் சரியான கணக்கின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. எங்கோ ஒன்று பிசகினாலும் காரணம் சொல்லாமல் கதவு மூடிக்கொள்ளும். அலுத்துப்போய்ப் பொது லாகினுக்குத் திரும்பிய நிர்வாகிகளைக் குறை சொல்ல மனம் வராது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கடினத்தை இன்றைய சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. எந்த சர்வர் எந்தச் சேவைக்கு மட்டும் பயனரின் பெயரைக் கொண்டுபோகலாம் என்று வரம்பு கட்டும் வசதி விண்டோஸ் சர்வர் 2003-இலேயே வந்தது. 2012 பதிப்பில் அது இன்னும் எளிதானது. அதே 2012-இல் வெளியான ஓஆத் 2.0 நெறியில், கடவுச்சொல்லைக் கைமாற்றாமலே, குறிப்பிட்ட காரியத்துக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டும் செல்லும் டோக்கனைக் கொடுக்கலாம். மேகத்தில் இயங்கும் தரவுக் கிடங்குகள் பலவற்றில் பயனரின் பெயரைக் கடைசி வரை கொண்டுபோவது இன்று அமைப்புப் பக்கத்தில் செய்துமுடிக்கும் வேலை.

இதன் கிளையாக வேகம் பற்றிய மறுப்பும் உண்டு. தரவுத்தள இணைப்பைத் திறப்பது செலவான காரியம். அதனால் திறந்த இணைப்புகளைத் தேக்கிவைத்துப் பலருக்கும் மாற்றி மாற்றித் தருகிறார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் தனி இணைப்பு என்றால் அந்தத் தேக்கத்தின் பயன் போய்விடும் என்கிறார்கள். இதற்கும் நடுவழி உண்டு. இணைப்பு பொதுவாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால், இது இன்னாருக்காகக் கேட்கப்படுகிறது என்று தரவுத்தளத்திடம் அறிவிக்கலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2016 பதிப்பிலிருந்து இதற்கு வசதி தருகிறது. பயனர் ஒருவருக்காக இன்னொரு லாகின் வழியே நுழையும் முறை ஆரக்கிளில் அதற்கும் பழையது. கருவியின் சொல்லை நம்பவேண்டியிருப்பதால் இது முழுத் தீர்வாகாது. என்றாலும் பதிவேட்டில் மனிதரின் பெயர் ஏறும். வரி வாரியான விதிகள் அந்தப் பெயரை வைத்து வேலை செய்யும். முழுத் தீர்வு இயலவில்லை என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. இரவு ஓடும் அறிக்கைக்கும், காலைக்குள் புதுப்பித்துவைக்கும் தரவு நகலுக்கும் மனிதர் யாரும் எதிரில் இல்லையே, அங்கே யார் பெயரைக் கொண்டுபோவது? இங்கே சேமித்த லாகின் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அளவு என்ன என்பதுதான் கேள்வி. சொத்து விவகாரத்தில் நாம் பவர் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு மனையை இந்த ஒரு பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய மட்டும் என்று எழுதிக் கொடுப்பது ஒன்று. என் சொத்து அனைத்தையும் விற்கவும் அடமானம் வைக்கவும் என்று எழுதிக் கொடுப்பது வேறு. பத்திரம் எழுதும்போது நாலு முறை படித்துப் பார்க்கிற நாம், தரவு விஷயத்தில் இரண்டாவது வகைப் பவரை யோசிக்காமல் கொடுக்கிறோம். தானாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் தனி லாகின் கொடுக்கலாம். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அதுவும் மூல அட்டவணைகளை அன்றி, அந்த அறிக்கைக்குத் தேவையான தரவை வெட்டிக் காட்டும் பார்வைகளை (வியூ) மட்டும். அறிக்கை சர்வரின் முகவரியிலிருந்து மட்டும் அது நுழையட்டும். அதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் மறு ஆய்வுத் தேதியும் ஏட்டில் இருக்கட்டும். அது எடுத்துவைக்கும் நகலையும் மறக்கக் கூடாது. நகலுக்குள் வந்த தரவுக்கு மூலத் தரவுத்தளத்தின் காவல் கிடையாது. எடுத்தவரின் உரிமை அளவுக்கு விரிந்த தரவு, பார்ப்பவர் அனைவர் முன்னும் கிடக்கும். ஆகவே நகல் எடுக்கும் லாகினுக்கு, நகலைப் பார்க்கப்போகும் அனைவருக்கும் பொதுவாக உரிய தரவுக்கு மேல் எட்டக் கூடாது; எட்டியே ஆகவேண்டுமானால் நகலின்மீது தனிக் காவல் போட வேண்டும்.

நான்காவது மறுப்பு அச்சத்திலிருந்து வருவது. கடவுச்சொல்லை மாற்றினால் அறிக்கைகள் நின்றுவிடும் என்கிறார்கள். நிற்கும்தான், எத்தனை அறிக்கை நிற்கும் என்று சொல்ல முடியாததே நோயின் அடையாளம். அறிக்கை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கடவுச்சொல்லைப் புதைக்காமல், பொதுவான ஓர் இணைப்பில் வைத்து அறிக்கைகள் அதைச் சுட்டும்படி செய்தால், மாற்றம் ஓரிடத்தில் முடியும். மனிதர் மாற்றவேண்டிய தேவையே இல்லாத ஏற்பாடும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 முதல் உள்ள குழுச் சேவைக் கணக்குகளின் கடவுச்சொல்லை எவரும் அறிய வேண்டியதில்லை. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே மாற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-இல் வழிகாட்டியதே என்று சிலர் கேட்கலாம். அது மனிதர் நினைவில் வைக்கும் கடவுச்சொல்லுக்குச் சொன்னது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர் எளிய சொல்லைத் தேர்வார் என்பதே அதன் காரணம். எந்திரத்துக்கு நினைவுச் சுமை இல்லை. அதே வழிகாட்டுதல், திருடுபோனதற்கு அறிகுறி தெரிந்தால் மாற்றியே தீரவேண்டும் என்றும் சொல்கிறது. மாற்ற அஞ்சும் நிறுவனம் அந்த நாளில் என்ன செய்யும்? இன்னொரு நடைமுறை உண்மை: ஊழியர் ஒருவர் தம் சொந்த லாகினில் அமைத்துவைத்த அறிக்கை, அவர் வேலையை விட்ட மறுநாள் நின்றுபோகிறது. நிற்காமல் இருக்க, போனவரின் லாகினை உயிரோடு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. முதலாவது இடைஞ்சல்; இரண்டாவது ஆபத்து. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் குறியாக்கச் சாவியின் நகலையும் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் அது தொலைந்தால் சேமித்த லாகின்கள் அத்தனையும் மறுபடி உள்ளிட வேண்டியதுதான்.

கடைசியாக, சிறு நிறுவனங்களின் மறுப்பு: நாங்கள் இருபது பேர், எங்களுக்கு எதற்கு இவ்வளவு? கெர்பரோஸ் அமைக்கச் சொல்லி நான் அவர்களைக் கேட்கவில்லை. ஆனால் படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு தனி லாகின் உருவாக்கச் செலவு இல்லை. சில கட்டளைகள் போதும். தரவுத்தளத்தின் தலைமை லாகினை அறிக்கைக் கருவியில் போடாமல் இருக்கப் பணம் வேண்டாம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தரவைக் கையாள ஒப்பந்ததாரரை அமர்த்தியிருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே. அறிக்கைக் கருவி விற்றவரையோ அமைத்துக் கொடுத்தவரையோ கைகாட்டித் தப்பமுடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் ஓடும் அறிக்கைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள்: அது எந்த லாகினில் தரவைக் கேட்கிறது, அந்த லாகினுக்கு எதுவரை உரிமை உண்டு, அதற்குப் பொறுப்பானவர் யார். கணக்குத் துறையினர் இந்தப் பட்டியலைத் தணிக்கை ஆவணமாகக் கேட்டு வாங்குங்கள். கணினித் துறையினர் கேட்கும்வரை காத்திராமல் கொடுங்கள். எந்த வரியில் மூன்றில் ஒன்றையேனும் எழுத முடியவில்லையோ, வேலையை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.